நான் காட்டிய சேமிப்பு

2012-13 நிதியாண்டு முடிந்தபோது எங்கள் கடைகளின் மின்சாரக் கணக்கை நான்தான் முதலாளியிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். மின்வாரிய யூனிட் நன்றாகக் குறைந்திருந்தது. அது உண்மை. என் பிரிவு எடுத்த முயற்சியால் குறைந்தது என்று சொன்னேன். அது பொய். அந்தப் பொய்க்கு எனக்குப் பதவி உயர்வு கிடைத்தது. பிறகு அதைக் காப்பாற்றுவதற்காக ஒரு கிளை மேலாளரை ஊர்விட்டு ஊர் மாற்றக் காரணமானேன். நேர்மையான ஒரு எலக்ட்ரீஷியன் வேலையை விட்டுப் போகக் காரணமானேன். எதையும் தெரியாமல் செய்யவில்லை.

மேற்கு மாவட்டங்களில் பல ஊர்களில் கிளை வைத்திருந்த ஒரு சூப்பர் மார்க்கெட் நிறுவனத்தில் பராமரிப்புப் பிரிவுக்குத் தலைவனாக இருந்தேன். விளக்கு, ஏசி, ஃப்ரீசர், ஜெனரேட்டர், மின்வாரிய இணைப்பு எல்லாம் என் பொறுப்பு. நிறுவனத்தின் பெயர் இங்கே வேண்டாம். தவறு செய்தவன் நான். இன்றும் பல கடைத்தொடர்களில் இதே வகைக் கணக்கு ஓடிக்கொண்டிருக்கிறது என்று நம்புவதால் இதை எழுதுகிறேன்.

தமிழ்நாட்டில் 2008-இல் கடுமையாகத் தொடங்கிய மின்பற்றாக்குறை 2012-இல் உச்சத்துக்குப் போனது. சென்னைக்கு வெளியே ஒரு நாளில் பத்து மணி நேரத்துக்கு மேல் கரண்ட் இல்லாமல் இருந்ததைக் கோவை, திருப்பூர், ஈரோட்டுக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். உயரழுத்த இணைப்பு வைத்திருந்தவர்களுக்கு மின்வெட்டு போதாதென்று பயன்பாட்டுக் கட்டுப்பாடும் இருந்தது. கடையில் கூட்டம் கூடும் மாலை நேரத்தில்தான் அந்தக் கட்டுப்பாடு மிகவும் இறுக்கியது. ஜெனரேட்டர் இல்லாதவர் கடையைத் திறக்க முடியாது என்ற நிலை.

எங்கள் நிறுவனத்தில் மின்வாரியக் கட்டணம் தலைமை அலுவலகத்திலிருந்து போகும். யூனிட்டும் தொகையும் மாதாமாதம் என் கோப்பில் ஏறும். டீசல் கதை வேறு. அந்தந்தக் கிளையே பக்கத்து பங்க்கில் கேனில் வாங்கிக்கொள்ளும். அந்தச் செலவு கிளையின் சில்லறைச் செலவுக் கணக்கில், சரக்கு வண்டிக்குப் போட்ட டீசலோடு கலந்து ஏறும். ஆக, ஒரு கிளை மொத்தம் எவ்வளவு மின்சாரம் எடுக்கிறது என்று சொல்லும் தாள் நிறுவனத்தில் எங்குமே இல்லை. அந்தத் தாளைத் தயாரிப்பது என் வேலை. நான் தயாரிக்கவில்லை. தயாரித்திருந்தால் என் சேமிப்பு காணாமல் போயிருக்கும்.

கடைகளில் இருக்கும் ஜெனரேட்டர் ஒரு லிட்டர் டீசலுக்கு மூன்றிலிருந்து மூன்றரை யூனிட் தரும். லோடு குறைவாக இருந்தால் அதுவும் தராது. அன்றைக்கு டீசல் லிட்டர் 45 ரூபாய் அளவில் இருந்தது. எனவே ஜெனரேட்டர் மின்சாரம் யூனிட்டுக்கு 13 ரூபாய்க்கு மேல் விழுந்தது. மின்வாரியத்துக்குக் கட்டியதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. மின்வாரியத்தில் குறைந்த யூனிட்டில் பெரும்பகுதி ஜெனரேட்டருக்கு இடம் மாறியிருந்தது, அவ்வளவுதான். சேமிப்பு என்று நான் காட்டிய ஆண்டில் நிறுவனம் மின்சாரத்துக்காக அதற்கு முந்தைய ஆண்டைவிட அதிகம் செலவழித்திருந்தது.

அந்த ஆண்டு உண்மையில் நான் செய்தது ஒன்றுதான். சில கிளைகளில் ட்யூப்லைட்டின் பழைய செம்பு சோக்கை எடுத்துவிட்டு எலக்ட்ரானிக் சோக் மாட்டினேன். நல்ல வேலைதான். ஆனால் நான் காட்டிய குறைவில் அதன் பங்கு சொற்பம்.

முதலாளி கடையில் மூட்டை தூக்கி வளர்ந்தவர். தாளைப் பார்த்துக்கொண்டே, "டீசலையும் சேர்த்துத்தானே சொல்றீங்க?" என்று கேட்டார். "ஆமாங்க" என்றேன். கேட்க வேண்டிய கேள்வியை அவர் கேட்டார். சரியான பதில் என்னிடம் இருந்தது. நான் மாற்றிச் சொன்னேன். அவர் நம்பினார். இவ்வளவு குறைந்துவிட்டதே என்று, குளிர்பெட்டிகளுக்குக் கதவு போடும் திட்டத்தை அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம் என்றார். அந்தத் திட்டத்தைக் கொடுத்தவனும் நான்தான். என் பொய்க்கணக்கு என் நல்ல திட்டத்தைக் கொன்றது.

இதைவிடப் பெரிய இழப்பு ஒன்று உண்டு. மின்வெட்டுக் காலம் எங்களுக்கு விலைமதிப்பில்லாத ஒரு பாடத்தைக் கொடுத்தது. அதையும் நான் புதைத்துவிட்டேன்.

ஜெனரேட்டரில் ஓடும்போது எந்த லோடு இருக்கலாம், எதை அணைக்க வேண்டும் என்று கிளைகளில் பட்டியல் ஒட்டியிருந்தோம். ஃப்ரீசரும் பால் பெட்டியும் முதலில். பிறகு பில் போடும் கம்ப்யூட்டர். விளக்கில் ஒரு வரிசை விட்டு ஒரு வரிசை. ஏசியில் பாதி, மீதிக்கு மின்விசிறி. பெயர்ப்பலகை விளக்கு கூடவே கூடாது. இப்படி ஒரு நாளில் பாதிக்கு மேற்பட்ட நேரம் கடை ஓடியது. கடைக்குள் வெப்பம் 26, 27 டிகிரியில் நின்றது. வாடிக்கையாளர் வந்தார்கள், துவரம்பருப்பும் எண்ணெயும் வாங்கினார்கள், போனார்கள். இருட்டாக இருக்கிறது, புழுக்கமாக இருக்கிறது என்று கிளைகளிலிருந்து புகார் எதுவும் என் பார்வைக்கு வந்ததில்லை. விற்பனையும் அதனால் விழவில்லை. ஒரு கடைக்கு உண்மையில் எவ்வளவு மின்சாரம் போதும் என்று யாரும் காசு கொடுத்துச் செய்யத் துணியாத சோதனையை மின்வெட்டு எங்களுக்கு இலவசமாகச் செய்து காட்டியது.

ஜப்பானுக்கு 2011-இல் இதே நிலை வந்தது. ஃபுகுஷிமா அணு உலை விபத்துக்குப் பிறகு, அந்தக் கோடையில் தோக்கியோ வட்டாரத்தின் பெரிய மின் நுகர்வோர் உச்சத் தேவையை 15 சதவீதம் குறைக்க வேண்டும் என்று அரசு கட்டாயப்படுத்தியது. கடைகளும் அலுவலகங்களும் விளக்கைக் குறைத்தன. ஏசியை 28 டிகிரியில் வைத்தன. நெருக்கடி தணிந்த பிறகும் பல நிறுவனங்கள் பழைய வெளிச்சத்துக்குத் திரும்பவில்லை. குறைந்த வெளிச்சமே போதும் என்று தெரிந்துகொண்டார்கள். எனக்கும் அது தெரிந்திருந்தது. ஆனால் "மின்வெட்டில் பாதி லோடில் கடை நன்றாக ஓடியது" என்று நான் எழுதினால், "அப்படியானால் டீசல் கணக்கை எடுங்கள்" என்பார்கள். அதனால் எழுதவில்லை. கரண்ட் திரும்பியதும் பட்டியலைக் கிழித்துவிட்டு எல்லா விளக்கையும் போடச் சொன்னோம்.

2013 கடைசியில் தென்மாநில மின்தொகுப்பு தேசியத் தொகுப்போடு இணைந்தது. கூடங்குளத்தில் முதல் உலை மின்சாரம் தரத் தொடங்கியது. படிப்படியாக வெட்டு குறைந்து, 2015-இல் உயரழுத்த இணைப்புகளுக்கான கட்டுப்பாடும் விலகியது. ஊருக்கே நல்ல காலம். எனக்கு மட்டும் கெட்ட காலம். ஜெனரேட்டர்கள் ஓய, மின்வாரிய யூனிட் ஏறியது. ஏறத்தான் வேண்டும். ஆனால் சேமித்துக் காட்டியவன் என்று பெயர் வாங்கியவன் நான். ஏன் ஏறுகிறது என்று கேட்டபோது, "கிளைகளில் அலட்சியம்" என்று எழுதிக்கொடுத்தேன்.

எந்தக் கிளையில் அதிகம் ஏறியிருந்ததோ அதன் மேலாளரைத் தலைமை அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்கள். அவர் கிளை இருந்த ஊரில்தான் முன்பு மின்வெட்டும் அதிகம். போதாததற்கு அங்கே பேக்கரியும் இருந்தது. கூட்டத்தில் அவர் சொன்னார்: "கரண்ட் நிக்காம வந்தா யூனிட் ஏறத்தானுங்க செய்யும்? டீசல் நின்னுபோச்சே, அதையும் பாருங்க." எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். "டீசலுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை, அதெல்லாம் கழித்துத்தான் போட்டிருக்கிறேன்" என்றேன். அந்த ஆண்டு அவருக்குச் சம்பள உயர்வு இல்லை. வேறு மாவட்டத்துக்கு மாற்றினார்கள். பிள்ளைகள் படிப்பு நடுவில் இருந்ததால் குடும்பத்தை அங்கேயே விட்டுவிட்டு அவர் தனியாகப் போனார்.

இன்னொருவர் அந்தக் கிளைகளில் ஒன்றில் எலக்ட்ரீஷியன். ஐ.டி.ஐ. படித்த இளைஞர். யாரும் சொல்லாமலே, இரவு ஷட்டர் இறக்கும்போதும் காலையில் ஏற்றும்போதும் மீட்டரைப் பார்த்து ஒரு பள்ளிக்கூட நோட்டில் எழுதி வந்தார். ஒருநாள் போனில், "கடை மூடினப்புறம் ஓடுற யூனிட்டு மொத்தத்துல நாலுல ஒரு பங்குக்கு மேல வருதுங்க சார். ஒருதடவை வந்து பாருங்க" என்றார். போனேன்.

ஷட்டரை இறக்கிவிட்டு உள்ளே நின்றோம். ஏசி அணைந்திருந்தது, ஆனாலும் மேலே டக்டில் காற்று ஓடும் சத்தம் கேட்டது. கம்ப்ரசரை அணைத்துவிட்டு புளோயரை விட்டிருந்தார்கள். அவர் பேனலைத் திறந்து கிளாம்ப் மீட்டரை மாட்டி, ஒவ்வொரு எம்.சி.பி.யாக இறக்கிக்கொண்டே வந்தார். ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு ஆம்பியர் குறைகிறது என்று எழுதினார். பரண்மேல் எரிந்துகொண்டிருந்த விளம்பரப் பெட்டி. தண்ணீர் கூலர். ஆள் இல்லாத கழிப்பறையின் எக்ஸாஸ்ட். அணைக்காத பில்லிங் கம்ப்யூட்டர்கள், அவற்றுக்கான யுபிஎஸ். குளிர்பான கம்பெனிக்காரர்கள் வைத்துவிட்டுப் போன கண்ணாடிக் கதவு ஃப்ரிட்ஜ்கள், உள்விளக்கு எரிய எரிய.

கடைசியில் பால், தயிர், பழச்சாறு வைக்கும் திறந்த குளிர்பெட்டி வரிசை. முன்பக்கம் கதவில்லாத, ஆள் உயர அடுக்குகள். இரவில் இழுத்துவிடுவதற்கு அதில் ஒரு திரை உண்டு. ஸ்பிரிங் போய்விட்டதால் திரையைச் சுருட்டி மேலே நூலால் கட்டியிருந்தார்கள். ஸ்பிரிங் மாற்ற வேண்டியது என் பிரிவு. பக்கத்தில் போய் நின்றால் பெட்டியிலிருந்து வழியும் குளிர் தரையோடு வந்து கால் விரல்களில் ஏறியது. அந்தத் தம்பி, பிரித்த அட்டைப்பெட்டிகளை ஒட்டி முன்பக்க அளவுக்குப் பலகைபோல் செய்து வைத்திருந்தார். அவற்றை எடுத்துவந்து வரிசையாகச் சாத்தினார். "கொஞ்சம் பொறுங்க சார்" என்றார். பேசிக்கொண்டே நின்றோம். சற்று நேரத்தில் பின்பக்கம் ஓடிக்கொண்டிருந்த கம்ப்ரசர் கட் ஆஃப் ஆகி நின்றது. "அட்டை வைக்காட்டி விடியற வரைக்கும் நிக்காதுங்க" என்றார். நோட்டில் அட்டை வைத்த இரவுகளையும் வைக்காத இரவுகளையும் தனித்தனியாக எழுதியிருந்தார்.

நான் சொன்னது இது: "அட்டை தீப்பிடிக்கும். எடுத்துரு. இந்த நோட்டெல்லாம் மேலே அனுப்ப வேண்டாம்." அட்டை தீப்பிடிக்கக்கூடிய பொருள்தான், அந்த நியாயத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். உண்மையான காரணம் வேறு. இத்தனை ஆண்டு இரவெல்லாம் இவ்வளவு போயிருக்கிறது என்று தெரிந்தால், பராமரிப்புத் தலைவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்று கேட்பார்கள். சில மாதங்களில் அவர் வேறு வேலைக்குப் போய்விட்டார்.

அந்த நோட்டில் இருந்தது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு ஒரு சிறு கணக்கு. மூடிய கடையில் தேவையில்லாமல் 20 கிலோவாட் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு இரவுக்கு ஒன்பது மணி நேரம் என்றால் 180 யூனிட். ஆண்டுக்கு 65,700 யூனிட். யூனிட் ஒன்பது ரூபாய் என்றால், ஒரு கிளையில் மட்டும் ஏறக்குறைய ஆறு லட்சம் ரூபாய். நம் நாட்டு மின்தொகுப்பில் ஒரு யூனிட்டுக்குச் சராசரியாக ஏறக்குறைய 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியேறுகிறது; அப்படிப் பார்த்தால் 45 டன்னுக்கு மேல் புகை. வாடிக்கையாளர் ஒருவர்கூட இல்லாத நேரத்தில், யாருக்கும் பயனில்லாமல்.

என்ன செய்திருக்க வேண்டும் என்பது எனக்கு அன்றே தெரியும். தெரிந்ததை இப்போதாவது சொல்லிவிடுகிறேன்.

சூப்பர் மார்க்கெட்டில் மின்சாரத்தை அதிகம் எடுப்பது குளிர்பெட்டியும் ஏசியும். அதிலும் திறந்த குளிர்பெட்டிதான் முதல் குற்றவாளி. அதன் கம்ப்ரசர் செய்யும் வேலையில் பெரும்பகுதி பாலைக் குளிர வைப்பதற்குப் போவதில்லை. கடைக்குள்ளிருந்து இடைவிடாமல் உள்ளே நுழையும் சூடான காற்றைக் குளிர வைப்பதற்கே போகிறது. வீட்டில் பிள்ளைகள் ஃப்ரிட்ஜைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றால் அதட்டுகிறோம். கடையில் அதையே பகல் முழுக்கச் செய்கிறோம். கண்ணாடிக் கதவு போட்டால் அந்தப் பெட்டியின் மின்செலவில் மூன்றில் ஒரு பங்காவது குறையும். கதவைத் திறந்து எடுக்கச் சோம்பல்பட்டு வாடிக்கையாளர் போய்விடுவார் என்று விற்பனைப் பிரிவு பயப்படும். ஐரோப்பாவில் பல பெரிய தொடர்கள் கதவு போட்டுவிட்டன. அங்கே பால் விற்பனை நின்றுவிடவில்லை. கதவு போடக் காசில்லை என்றால் இரவுத் திரையையாவது ஒழுங்காக வைத்திருக்க வேண்டும். எங்களிடம் திரை இருந்தது, ஸ்பிரிங்தான் இல்லை.

கதவில்லாத பெட்டி இன்னொரு கேடும் செய்கிறது. பால் வரிசையில் நிற்கும் பெண்கள் ஸ்வெட்டர் போட்டு நிற்பார்கள். வாசலுக்குப் பக்கத்தில் பில் போடும் பெண் வியர்த்துக்கொண்டிருப்பார். அவருக்காக ஏசியை இன்னும் குறைத்து வைப்போம். பால் வரிசைப் பெண்கள் இன்னும் நடுங்குவார்கள். இரண்டு பக்கத்தினரும் பல தடவை சொன்னார்கள். ஏசியின் சென்சார் எங்கே இருக்கிறது என்று ஏறிப் பார்த்தாலே போதும். நான் பார்க்கவில்லை.

ஏசியை 24 டிகிரியில் வைக்கச் சொல்வது மத்திய அரசின் எரிசக்தித் திறன் பணியகம். 2020 முதல் நட்சத்திரக் குறியீடு பெறும் அறை ஏசிகள் 24 டிகிரியில்தான் தொடங்க வேண்டும் என்றும் விதி வந்தது. ஒரு டிகிரி ஏற்றினால் ஏறக்குறைய ஆறு சதவீத மின்சாரம் மிச்சம் என்பது அந்தப் பணியகத்தின் கணக்கு. எங்கள் கிளைகளில் 20, 21 என்று வைத்திருந்தோம். தெருவில் போகிறவர் மேல் ஜில்லென்று காற்று பட்டால்தான் உள்ளே வருவார் என்று வாசல் கதவையும் திறந்து வைத்தோம். தி.நகர் ரங்கநாதன் தெருவிலிருந்து கோவை ஒப்பணக்கார வீதிவரை இந்த நம்பிக்கை உண்டு. 2022-இல் ஸ்பெயினில் எரிபொருள் நெருக்கடி வந்தபோது, கடைகளில் ஏசியை 27 டிகிரிக்குக் கீழே வைக்கக் கூடாது, இரவு பத்து மணிக்கு மேல் ஷோகேஸ் விளக்கு எரியக் கூடாது என்று அரசு ஆணை போட்டது. அங்கேயும் கடைகள் நடந்தன.

விளக்கைப் பொறுத்தவரை கணக்கு இன்னும் எளிது. செம்பு சோக்கோடு சேர்த்து ஒரு பழைய ட்யூப்லைட் ஏறக்குறைய 50 வாட் எடுக்கும். அதே வெளிச்சத்துக்கு எல்இடி 20 வாட் போதும். 400 ட்யூப் உள்ள கடையில் 12 கிலோவாட் குறையும். குறைந்த அந்த 12 கிலோவாட்டும் அதுவரை கடைக்குள் வெப்பமாக இறங்கிக்கொண்டிருந்தது. அதைத் தூக்கி வெளியே போட மட்டும் ஏறக்குறைய மூன்றரை டன் ஏசி ஓடிக்கொண்டிருந்தது. எல்இடி மாட்டினால் இரண்டும் மிச்சம். ஆனால் நாங்கள் எல்இடி மாட்டியபோது, முன்பைவிடப் பளிச்சென்று இருக்க வேண்டும் என்று எண்ணிக்கையைக் கூட்டினோம். மிச்சமானதில் பாதியை அப்படியே திருப்பிக் கொடுத்தோம்.

இப்படிக் குறைத்த பிறகு மின்வாரியத்துக்கு எழுதி ஒப்பந்தத் தேவையையும் குறைக்க வேண்டும். உயரழுத்த இணைப்பில் நாம் எடுத்த உச்சத் தேவை குறைந்தாலும், ஒப்பந்தத் தேவையில் 90 சதவீதத்துக்குப் பணம் கட்டியே ஆக வேண்டும். சில கிளைகளில் பல ஆண்டுகள் அந்த விண்ணப்பத்தை நான் போடவில்லை. போட்டால், முதலில் ஏன் அவ்வளவு கேட்டீர்கள் என்ற கேள்வி வரும்.

குளிர்பான, ஐஸ்கிரீம் கம்பெனிகள் இலவசமாகத் தரும் ஃப்ரிட்ஜ்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெட்டி அவர்களுடையது, கரண்ட் நம்முடையது. அவற்றில் பல பழையவை. கதவு ரப்பர் கிழிந்தவை. ஒரு ரூபாய்த் தாளைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்துப் பார்த்தால் தெரியும். எளிதாக வந்துவிட்டால் ரப்பர் போய்விட்டது. எந்தக் கிளையில் எத்தனை பெட்டி நிற்கிறது என்ற பட்டியல்கூட என்னிடம் இருந்ததில்லை. கேஸ் நிரப்பும் செலவும் அப்படித்தான். கேஸ் குறைந்தது என்றால் எங்கோ கசிகிறது என்று பொருள். கசிவைத் தேடாமல் நிரப்பிக்கொண்டே இருந்தோம். ஃப்ரீசர்களில் பயன்படும் ஆர்404ஏ வாயு ஒரு கிலோ காற்றில் கலந்தால், ஏறக்குறைய 3,900 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமமான கேடு. அதைச் சில்லறைப் பராமரிப்புச் செலவாகவே எழுதினோம்.

பிறகு நிறுவனம் சில கிளைகளின் மாடியில் சோலார் போட்டது. காற்றாலையிலும் பங்கு வாங்கியது. இரண்டும் நல்ல காரியம். பகலில் ஏசி அதிகம் ஓடும் கடைக்குச் சோலார் பொருத்தமானதும்கூட. ஆனால் அதையும் நான் ஒளிவதற்கே பயன்படுத்தினேன். சோலார் யூனிட் மின்வாரிய யூனிட்டிலிருந்து கழிந்தது. மறுபடியும் தாளில் சேமிப்பு தெரிந்தது. கீழே பால் பெட்டி பழையபடி திறந்தே கிடந்தது. டீசலை வைத்துச் செய்த அதே தவறைச் சூரிய ஒளியை வைத்துச் செய்தேன். மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்பது ஒரு கேள்வி. எவ்வளவு வீணாகிறது என்பது வேறு கேள்வி. முதல் கேள்விக்குப் பதில் சொல்லி இரண்டாவதிலிருந்து தப்பித்துக்கொண்டே இருந்தேன்.

என்னை அப்படி நடக்கவிட்ட அமைப்பும் உண்டு. ஆனால் அது என் குற்றத்தைக் குறைக்காது. கிளை மேலாளரை விற்பனையை வைத்து மட்டுமே எடைபோட்டார்கள். கொள்முதல் பிரிவு விலை குறைந்த ஏசியை வாங்கினால் பாராட்டு; அது பத்து ஆண்டு எடுக்கப்போகும் மின்சாரம் வேறு பிரிவின் செலவு. யூனிட்டைக் குறைத்த கிளைக்கு அதில் ஒரு ரூபாய்கூடத் திரும்பவில்லை. இதையெல்லாம் மாற்றச் சொல்லி எழுத வேண்டியவன் நான்தான். கையில் உண்மையான கணக்கு இருந்தால்தானே எழுதலாம்?

ஓய்வு பெற்ற பிறகு முதலாளியைப் பார்த்து டீசல் விஷயத்தைச் சொன்னேன். நீண்ட நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அன்னிக்கே சொல்லியிருந்தா கதவு போட்டிருப்பேனே" என்றார். மேலாளரையும் தேடிப் போய்ப் பார்த்தேன். மன்னித்துவிட்டேன் என்று அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய கடமை அவருக்கு இல்லை. தனியாக இருந்த அந்த ஆண்டுகளை யாராலும் அவருக்குத் திருப்பித் தர முடியாது. எலக்ட்ரீஷியன் இப்போது எங்கே இருக்கிறார் என்று விசாரித்துப் பார்த்தேன், தெரியவில்லை. அவர் இதைப் படிக்க நேர்ந்தால், அவருடைய நோட்டு சரி, நான் சொன்னது தவறு என்பதை இங்கே எழுத்தில் கொடுத்திருக்கிறேன்.

இன்று ஏதோ ஒரு கடைத்தொடரில் என் இடத்தில் இருப்பவருக்கு என் வேண்டுகோள் இது. மின்வாரியம், டீசல், சோலார், காற்றாலை நான்கையும் கிளைவாரியாக ஒரே தாளில் கொண்டுவாருங்கள். கடையின் பரப்பால் வகுத்து, சதுர அடிக்கு எத்தனை யூனிட் என்று போடுங்கள். ஷட்டர் இறக்கும்போதும் ஏற்றும்போதும் மீட்டர் எண்ணை எழுதச் சொல்லுங்கள். எழுதுபவரின் பேச்சைக் கேளுங்கள். அந்தத் தாளைத் திருத்தாமல் முதலாளியிடம் கொடுங்கள். முதல் ஆண்டு எண் மோசமாகத்தான் இருக்கும். உங்கள் பெயருக்குக் கொஞ்சம் கெடுதலும் வரலாம். வாங்கிக்கொள்ளுங்கள். கதவு, திரை, எல்இடி, 24 டிகிரி எல்லாம் அதற்குப் பிறகு எளிதில் நடக்கும் வேலைகள். கணக்கு வைத்திருப்பவர் உண்மை சொல்லாத கடையில் ஒரு யூனிட்கூட மிச்சமாகாது.